கோதாவை விட்டு இறங்கிய பின்

(சேலம் – நாமக்கல் சமவெளி: தொடர் கட்டுரை – 17)

திருச்செங்கோட்டில் 1907-ஆம் ஆண்டு பிறந்து, இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் கற்றுத் திரும்பிய டி. ஆர். சுந்தரம், குடும்பத் தொழிலான நூலையும் தறியையும் விட்டுவிட்டுச் சினிமாத் தொழிலில் இறங்கி, 1935-இல் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்தாபனத்தை நிறுவிய வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த மதிலுக்குள் நடமாடிய கதாநாயகர்களையும் வசனகர்த்தாக்களையும் கவிஞர்களையும் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். அங்கே மாதச் சம்பளத்துக்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி பிற்காலத்தில் ஐந்து முறை முதலமைச்சரானார். ஆகையால் சரித்திரத்தின் அந்தப் பக்கம் எழுதப்படாமல் போகவில்லை. எழுதப்படாமல் போனவர்கள் வேறு சிலர். வாள் வீசியும், கம்பு சுழற்றியும், உப்பரிகையிலிருந்து குதித்தும், கதாநாயகனிடம் அடி வாங்கிப் புழுதியில் உருண்டும் ஜீவனம் நடத்திய சண்டைக் கலைஞர்கள் தேகம் தளர்ந்த பிறகு என்ன ஆனார்கள் என்பதே இந்த வாரம் நான் விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

பாடகனுக்கு வயதானால் சாரீரம் சற்றே கம்மிப்போகும். ஆயினும் ஞானம் முதிர்ந்து அந்தக் குறையை மறைத்துவிடும். நடிகனுக்கு வயதானால் நேற்றுவரை காதலன் வேஷம் கட்டியவன் இன்று தகப்பன் வேஷம் கட்டுவான். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. சண்டைக்காரனின் நிலைமை அப்படிப்பட்டதன்று. முழங்காலும் இடுப்பும் மணிக்கட்டுமே அவனுடைய மூலதனம். இருபது வயதிலிருந்து நாள்தோறும் செலவழிக்கப்படும் அந்த மூலதனம் நாற்பதை எட்டும்போது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. துயரம் என்னவென்றால், அவனுடைய வித்தை பூரணமாகப் பழுப்பதும் அதே நாற்பது வயதில்தான். குத்து முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட வேண்டும், ஆனால் காமிராவின் கண்ணுக்கு அது தாடையில் விழுந்ததாகத் தோன்ற வேண்டும் என்பதும், அடிப்பவனின் வேகத்தைவிட அடி வாங்குபவன் எந்தக் கணத்தில் தலையைத் திருப்புகிறான் என்பதில்தான் அந்தக் குத்தின் பலம் இருக்கிறது என்பதும், விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும், தோளில் பாரத்தை ஏற்றி உருண்டால் ஒன்றும் ஆகாது என்பதும், அவன் எந்தப் புஸ்தகத்திலும் படித்தவை அல்ல. எலும்பு முறிந்து கற்றவை. இத்தனையையும் கற்று முடித்த மனிதனைப் பார்த்து, "உனக்கு வயதாகிவிட்டது, வீட்டுக்குப் போ" என்று ஒரு தொழில் சொல்லுமானால், நஷ்டம் அவனுக்கு மட்டுமா?

இந்தச் சமவெளியில் சண்டை வித்தை சினிமாவோடு வந்ததன்று. கோயில் நோன்புகளிலும் ஊர்வலங்களிலும் கம்பு சுழற்றும் சிலம்ப வாத்தியார்களும், கர்லாக்கட்டை சுற்றும் தேகப்பயிற்சிச் சாலைகளும் கொங்கு நாட்டில் வெகுகாலமாக இருந்து வந்தவை. பேசும் படம் வந்தபோது முதலில் நாடகக் கம்பெனிப் பையன்களே திரைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பாட்டோடும் வசனத்தோடும் கத்திச் சண்டையும் கம்பெனியிலேயே பாடமாகியிருந்தது. 1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த உத்தமபுத்திரன் படத்தில் இரட்டை வேஷத்தில் தோன்றிய பி. யு. சின்னப்பா, சங்கீதத்தில் எவ்வளவு தேர்ந்தவரோ அவ்வளவு சிலம்பத்திலும் குஸ்தியிலும் பாரம் தூக்குவதிலும் தேர்ந்தவர். அக்காலத்தில் சண்டைக் காட்சியைத் திட்டமிட்டுக் கொடுப்பதற்கென்று ஒருவர் பெயரை ஜனங்கள் அறிந்திருக்கவில்லை. வித்தை தெரிந்த நடிகன் தானே சண்டை போட்டான், அவ்வளவுதான்.

அதற்கடுத்த பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. மந்திரி குமாரி (1950), சர்வாதிகாரி (1951), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) ஆகிய மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் எம். ஜி. ராமச்சந்திரன் வாள் பிடித்தார். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய மலைக்கள்ளன் கதையைக் கோயமுத்தூர் பக்ஷிராஜா ஸ்டூடியோ 1954-இல் படமாக்கியபோதும் அவரே கதாநாயகன். காந்தியடிகளின் அகிம்சை யுத்தத்துக்கு வழிநடைப் பாட்டு எழுதித் தந்த கவிஞரின் கற்பனையிலிருந்து தமிழ்த் திரையின் பெரிய சாகச நாயகர்களில் ஒருவன் பிறந்தான் என்பதை நாமக்கல்வாசிகள் இன்னும் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். இந்தப் படங்களால் கதாநாயகனுக்குக் கீர்த்தி வந்தது. கூடவே, திரைக்குப் பின்னால் சண்டையை வகுத்துக் கொடுக்கும் மாஸ்டரின் அவசியமும் வந்தது. எம். ஜி. ஆர். தமக்கென்று ஒரு சண்டைக் குழுவையே வைத்துக்கொண்டிருந்தார், ஆர். என். நம்பியார், சியாம் சுந்தர் போன்ற மாஸ்டர்களின் பெயர்கள் அந்த வழியில்தான் டைட்டிலில் இடம் பெற்றன.

முதுமையை முன்கூட்டியே கண்டுகொண்டு மாற்று வழி தேடியவர்களில் சிலர் முதலாளிகளானார்கள். நமது எல்லைக்கு மேற்கே கோயமுத்தூரில் பிறந்த சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவர், தேகப்பயிற்சியால் சாண்டோ பட்டம் பெற்றவர். 1947-இல் ராஜகுமாரி படத்தில் எம். ஜி. ஆரோடு மோதி உருண்டவர். அவரே 1956-இல் தேவர் பிலிம்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கித் தாய்க்குப்பின் தாரம் எடுத்தபோது அவருக்கு வயது 41. எம். ஜி. ஆர். முதன்முதலாக டைரக்டர் நாற்காலியில் அமர்ந்து எடுத்த நாடோடி மன்னன் 1958-இல் வெளிவந்தபோது அவருக்கும் அதே 41. தேவர் எம். ஜி. ஆரை வைத்து எடுத்த படங்கள் முதற்படத்தோடு சேர்த்துப் பதினாறு. காங்கேயத்துக்காரரான பி. எஸ். வீரப்பா, அலிபாபாவில் கொள்ளையர் தலைவனாக வந்து தம் சிரிப்பினாலேயே குழந்தைகளை நடுங்க வைத்தவர். அவரும் பிற்பாடு ஆலயமணி (1962), ஆனந்த ஜோதி (1963) ஆகிய படங்களின் தயாரிப்பாளரானார். ஆனால் இது பணமும் பிரபலமும் சேர்ந்த ஒரு சிலருக்கே திறந்த கதவு. கூட்டத்தில் நின்று அடி வாங்கிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தக் கதவின் பக்கம் போகவும் முடிந்ததில்லை.

நாமக்கல் மண்ணில் பிறந்த ஒருவர் வேறொரு மார்க்கத்தைக் கண்டார். ஆர். எஸ். மனோகர் 1925-இல் நாமக்கல்லில் பிறந்தவர். அவருடைய பெயரின் முதலெழுத்தில் ராசிபுரம் நிற்கிறது. இயற்பெயர் லட்சுமி நரசிம்மன். நாமக்கல் மலையடியில் வீற்றிருக்கும் தெய்வத்தின் பெயர் அது என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1951-இல் ராஜாம்பாள் படத்தில் அறிமுகமாகி, மாடர்ன் தியேட்டர்ஸின் வண்ணக்கிளி (1959), கைதி கண்ணாயிரம் (1960), இரு வல்லவர்கள் (1966) ஆகிய படங்களில் தோன்றி, பிறகு எம். ஜி. ஆரிடமும் ஜெய்சங்கரிடமும் எத்தனையோ படங்களில் மோதித் தோற்றவர் அவர். திரையில் தோற்பதையே தொழிலாகக் கொண்ட அந்த மனிதர், 1954-லேயே நேஷனல் தியேட்டர்ஸ் என்னும் நாடகக் குழுவை ஆரம்பித்திருந்தார் என்பதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். சினிமாவில் சம்பாதித்ததை நாடகத்தில் போட்டார். இலங்கேஸ்வரன், சாணக்கிய சபதம், நரகாசுரன், சூரபத்மன், இந்திரஜித், சுக்கிராச்சாரியார் என்று புராணங்களும் சரித்திரமும் வில்லன் என்று ஒதுக்கியவர்களை மேடையின் நடுவில் நிறுத்தி, அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பேச வைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் மாறும் அரங்குகளும், தந்திரக் காட்சிகளும், நெருப்பும் புகையும் அவருடைய நாடகங்களின் விசேஷம். நூறு பேர் பார்வைக்கு முன்னால், 'கட்' என்று சொல்லி மறுபடியும் எடுக்க வழியில்லாத மேடையில், ஆயுதங்களோடும் நெருப்போடும் விபரீதம் நேராமல் விளையாடுவதற்கு எத்தனை ஒழுங்கு வேண்டும்! திரையுலகில் இளைய வில்லன்கள் வந்து அவருடைய இடத்தை எடுத்துக்கொண்ட பிறகும், 2006 ஜனவரியில் அவர் காலமாகும் வரையில், தமிழ்நாடு அவரை நாடகக் காவலர் என்றே அழைத்தது. சேலத்திலும் நாமக்கல்லிலும் அவர் பெயரால் ஓர் அரங்கம் இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் இந்த அத்தியாயத்தின் மையத்தில் நான் நிறுத்த விரும்புகிறவர் தேவரும் அல்லர், மனோகரும் அல்லர். 1930-இல் குடியாத்தத்தில் பிறந்த கே. கே. ரத்னம், ஜூடோ ரத்னம் என்று தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டவர், 1959-இல் தாமரைக்குளம் படத்தில் நடிகராகத் தலைகாட்டினார். டி. ஆர். சுந்தரம் 1963-இல் காலமான பின் ஸ்தாபனத்தை ஏற்றுக்கொண்ட அவர் மகன் ராமசுந்தரம், ராஜா ராணிக் கதைகளை ஒதுக்கிவிட்டு, ஜெய்சங்கரைத் துப்பறிபவராக்கி மர்மப் படங்களை வரிசையாக எடுக்கலானார். வாளுக்குப் பதில் துப்பாக்கியும், கேடயத்துக்குப் பதில் கோட்டும் வந்துவிட்ட அந்தப் படங்களுக்கு வாள் சண்டை வகுக்கும் மாஸ்டர் உதவமாட்டார். வெறுங்கைச் சண்டை தெரிந்தவர் வேண்டும். அப்படி 1966-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் வல்லவன் ஒருவன் படத்தில் ரத்னம் சண்டைப் பயிற்சியாளரானார். அப்போது அவருக்கு வயது 36. பிற சண்டைக்காரர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் பிராயத்தில் அவருடைய வாழ்க்கை சேலத்தில் புதிதாக ஆரம்பமாயிற்று.

ஜூடோ வித்தையில் முதற்பாடமே விழுவதற்குக் கற்பது. எதிரியைத் தூக்கி எறிவது அப்புறம். எறியப்பட்டால் உடம்பு நோகாமல் தரையை எப்படிச் சந்திப்பது என்பதை மாணவன் முதலில் நூற்றுக்கணக்கான தடவை பழகியாக வேண்டும். இந்த ஒன்றே சினிமாச் சண்டையின் உயிர்நிலை. மாஸ்டர் என்பவர் கதாநாயகனுக்குக் குத்தக் கற்றுக்கொடுப்பவர் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். வாஸ்தவத்தில் அவருடைய வேலையின் பெரும்பகுதி விழுபவர்களைக் காப்பாற்றுவது. மாடியிலிருந்து குதிக்க வேண்டுமென்றால், கீழே காலி அட்டைப்பெட்டிகளை எத்தனை வரிசை அடுக்குவது, அதன் மேல் மெத்தையை எப்படிப் போடுவது, குதிப்பவன் எந்தக் காலை முதலில் எடுப்பது, காமிராவை எங்கே வைத்தால் பெட்டிகள் தெரியாது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒவ்வொன்றையும் அவர் கணக்கிட வேண்டும். தாம் ஒரு காலத்தில் குதித்தவராக இருந்தாலொழிய இந்தக் கணக்கு ஒருவருக்கு வராது. குதித்து அனுபவித்தவர், இனிமேல் குதிக்க முடியாத வயதில், குதிக்கிறவனின் பக்கத்தில் நிற்கிறார்: இதைவிடப் பொருத்தமான பதவி உயர்வு எந்தத் தொழிலில் உண்டு?

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1980-இல் வெளிவந்த முரட்டுக்காளையில் ரஜினிகாந்த் ஓடும் ரயிலின் மேல் போட்ட சண்டையைத் திட்டமிட்டவர் ரத்னம்தான். அவருக்கு வயது 50. அந்தப் படத்தில் ரஜினிக்கு எதிராக வில்லனாக நின்றவர் யார் தெரியுமா? சேலத்தில் ரத்னம் முதன்முதலில் சண்டை வகுத்துக் கொடுத்த அதே ஜெய்சங்கர். கதாநாயகனுக்கு 42 வயதில் வில்லன் வேஷம் வந்து சேர்ந்தது. மாஸ்டரோ 50 வயதில் தம் தொழிலின் உச்சியில் நின்றார். திரைக்கு முன்னால் நிற்பவனைக் காலம் நடத்தும் விதமும், பின்னால் நிற்பவனை நடத்தும் விதமும் எவ்வளவு வேறுபட்டவை என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு திருஷ்டாந்தம் எனக்குக் கிடைக்கவில்லை. ரத்னம், ரஜினி படங்கள் மட்டுமே நாற்பதுக்கு மேல், எல்லா மொழிகளிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் என்று பணியாற்றி, 2023 ஜனவரி 26-இல் தம் 92-ஆவது வயதில் சொந்த ஊரான குடியாத்தத்தில் காலமானார். சூப்பர் சுப்பராயன், விக்ரம் தர்மா, ஜாக்குவார் தங்கம், ராம்போ ராஜ்குமார், தளபதி தினேஷ் என்று பின்னால் பெயர் பெற்ற மாஸ்டர்கள் பலர் அவரிடம் உதவியாளர்களாக இருந்து தொழில் கற்றவர்கள். சுப்பராயனின் மகன் தினேஷும் இன்று அதே தொழிலில் இருக்கிறார்.

வித்தை இப்படிக் கை மாறிச் செல்லும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஹாங்காங் சினிமாவில் யுவென் சியு-டியென் என்னும் பழைய சண்டை நடிகர், தம் மகன் யுவென் வூ-பிங் 1978-இல் டைரக்ட் செய்த டிரங்கன் மாஸ்டர் படத்தில் ஜாக்கி சானுக்குக் குருவாக, குடிகாரக் கிழவராகத் தோன்றினார். அந்த மகனையே பிற்பாடு ஹாலிவுட் அழைத்து, 1999-இல் வெளிவந்த மேட்ரிக்ஸ் படத்துக்குச் சண்டை வகுக்கச் சொல்லிற்று. இளமையில் ஜாக்கி சானோடு ஒரே குருகுலத்தில் பீகிங் ஆபரா பழகிய ஸாமோ ஹங், கதாநாயகனாக ஓய்ந்த பிறகு, 2008-இல் வந்த இப் மேன் படத்துக்குச் சண்டை இயக்குநராகித் தம் கீர்த்தியைப் புதுப்பித்துக்கொண்டார். லாவ் கார்-லியுங் சண்டை வகுப்பதிலிருந்து படிப்படியாக டைரக்டராகவே உயர்ந்தார். அங்கே முதியவர்களுக்கு இந்த இடம் கிடைத்ததன் காரணம் வெளிப்படை. சிறு பிராயம் முதல் ஒரே குருவிடம் வளர்ந்தவர்கள் குழுவாகவே தொழிலுக்கு வந்தார்கள். குழுவில் மூத்தவனுக்கு ஓர் இடம் தானாகவே உண்டு.

நம் நாட்டில் ஸ்டூடியோக்கள் அந்தக் குருகுலத்தின் ஸ்தானத்தில் இருந்தன. சுந்தரம் கண்டிப்பானவர், நேரம் தவறியவர்களைப் பொறுக்காதவர் என்று எல்லாரும் சொல்வது உண்மையே. ஆனால் எழுத்தாளர் முதல் நடிகர் வரையில் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஒரே வளாகத்தில் எடுத்த அந்த ஏற்பாட்டில், மூத்தவனும் இளையவனும் ஒரே தளத்தில் தினந்தோறும் சந்தித்தார்கள். ஒருவன் விழுவதை மற்றவன் பார்த்தான். 1980-களின் தொடக்கத்தில் அந்த வளாகத்தில் தயாரிப்பு நின்று, நிலம் மனைகளாகப் பிரிந்துவிட்டது. ஏற்காடு போகிறவர்கள் இன்று காண்பது முகப்பு வளைவை மட்டுமே. தொழில் முழுவதும் சென்னை வடபழனிக்குப் போய், சண்டைக் கலைஞர்களின் சங்கத்தின் மூலம் நாள் கூலிக்கு ஆள் எடுக்கும் முறையில் நிலைத்தது. சங்கம் செய்த நன்மைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. கூலி நிர்ணயமும் விபத்துக் காலத்தில் உதவியும் அதனால்தான் கிடைத்தன. ஆனால் இன்றைய வேலை இன்றைக்கு, நாளைய வேலை நாளைக்கு என்னும் முறையில், மாஸ்டராகும் அதிர்ஷ்டம் வாய்க்காத ஒரு சண்டைக்காரன் வயதான பிறகும் குதித்துக்கொண்டே இருக்க வேண்டியவனாகிறான்.

2025 ஜூலை 13-ஆம் தேதி நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில், கார் பாய்ந்து கவிழும் காட்சியைச் செய்த அனுபவசாலியான ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியவரா, காருக்கு வெளியே நின்று, இந்தச் சரிவு சரியில்லை, வேகத்தைக் குறையுங்கள் என்று சொல்ல வேண்டியவரா? தனிப்பட்ட ஒருவர் மேல் குற்றம் சுமத்த நான் இதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு படப்பிடிப்பிலும், ஆபத்தான காட்சியை நிறுத்தும் அதிகாரத்தோடு, ஓய்வு பெற்ற சண்டைக் கலைஞர் ஒருவர் சம்பளத்துக்கு நிற்க வேண்டும் என்று விதி ஏற்படுமானால், ஒரே காரியத்தில் இரண்டு உயிர்கள் பிழைக்கும்: குதிக்கிறவனும் பிழைப்பான், குதித்து ஓய்ந்தவனும் பிழைப்பான்.

கௌரவம் தாமதமாகவேனும் வந்துகொண்டிருக்கிறது. இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டைப் பயிற்சிக்கென்று தனி விருது 2016-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலாக வழங்கப்பட்டது. புலிமுருகன் என்னும் மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெயின் அதைப் பெற்றார். 2018-ஆம் ஆண்டுக்கான விருது இரட்டையரான அன்பறிவ் சகோதரர்களுக்கு வந்தது. ஆஸ்கார் விருதுகளை வழங்கும் அகாடமி, 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் அமைப்புக்கும் விருது உண்டு என்று 2025 ஏப்ரலில்தான் அறிவித்தது. விருது மாஸ்டருக்கு வரும். மாஸ்டரின் கீழே விழுந்தவர்களுக்கு வர வேண்டியது ஓய்வூதியமும், மருத்துவமும், கற்றதைக் கற்பிக்க ஓர் இடமும்.

அந்த இடத்தைச் சேலத்தில் ஏற்படுத்தலாம் என்பது என் உறுதியான எண்ணம். மலையும் சமவெளியும் ஏரியும் அருகருகே அமைந்து, சிலம்ப வாத்தியார்களுக்குக் குறைவில்லாத இந்தப் பிரதேசத்தில், திரைச் சண்டைக்கான ஒரு பயிற்சிப் பள்ளியை அரசாங்கமும் திரைப்படச் சங்கங்களும் சேர்ந்து நிறுவி, ஓய்வு பெற்ற சண்டைக் கலைஞர்களை உபாத்தியாயர்களாக அமர்த்துவார்களானால், விழுவதற்குக் கற்றுத் தரும் முதல் பள்ளிக்கூடம் நம் ஜில்லாவினுடையதாக இருக்கும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி, செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டைப் பகுதிகளிலும், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு தாலுகாக்களிலும், மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் சண்டைக் கூட்டத்தில் நின்ற தகப்பனாரோ பாட்டனாரோ உள்ள குடும்பங்கள் இருக்கும். அவர்கள் உயிரோடிருந்தால், எந்தப் படத்தில் எப்படி விழுந்தார்கள், யாரிடம் கற்றார்கள், எத்தனை ரூபாய் கூலி பெற்றார்கள் என்பதை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் பின்புறத்தில் பெயரும் வருஷமும் குறித்து வையுங்கள். எழுதியதன் பிரதியொன்றை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினால், அவர்களுடைய பெயர்களோடு இத்தொடரில் வெளியிடுகிறோம்.